சிகிச்சை முடிந்த மறுநாள்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தச் சத்திரசிகிச்சையை எவர் முதலிற் செய்தார், எந்த மருந்தை எவர் கண்டறிந்தார் என்பவற்றை நாம் ஆண்டு தவறாது ஒப்புவிக்கின்றோம். அச்சிகிச்சையைப் பெற்று வீடு திரும்பிய பெண்ணுக்கு மறுநாள் யாது நேர்ந்தது என்ற வினாவை அவ்வரலாறு எழுப்புவதில்லை. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை அவ்வினா இன்று தட்டிக்கழிக்க இயலாதது. ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் இந்நோய்க்கு ஆளான பின்னரும் உயிர்வாழும் பெண்கள் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோராவர். அவர்களுள் வறியவர்கள் வைத்தியசாலை வாயிலோடு கைவிடப்பட்டமை எவ்வாறு, அதனை மாற்ற முயன்றோர் எவர் என்பதை இங்கு நோக்குவோம்.

1894ஆம் ஆண்டில் பால்ட்டிமோர் நகரின் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் தமது முறையை வெளியிட்டார். மார்பகத்தையும், அதன் கீழுள்ள தசைகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றுவது அம்முறை. அடுத்த முக்கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்காவில் அதுவே கோலோச்சியது. பிழைத்த பெண்கள் பலருக்குக் கை யானைக்கால் போல வீங்கியது. 1921இல் ஹால்ஸ்டெட் தாமே அவ்வீக்கம் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். எனவே, பின்விளைவை மருத்துவம் அறியாதிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. அறிந்திருந்தும், அதனைப் பேணுவது தனது கடமையின் பகுதி என்று அது கருதவில்லை என்பதே உண்மை.

அவ்விடைவெளியை முதலில் நிரப்ப முன்வந்தோர் பாதிக்கப்பட்ட பெண்களே. 1952இல் சத்திரசிகிச்சைக்குள்ளான நியூயோர்க் மாது தெரேஸ் லாசர், தம்மைப் போன்ற பெண்களை வைத்தியசாலைப் படுக்கையருகே சென்று காணத் தொடங்கினார். கைக்குப் பயிற்சியளிக்க ஒரு ரப்பர்ப் பந்தும் கயிறும், மேற்சட்டையினுள் வைக்கத் தற்காலிக மார்பகம் ஒன்றும் அவர் கொண்டு சென்றவை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இப்பணியை ஏற்றுக்கொண்டது. ஆயினும், இத்தொண்டு எந்தப் பெண்ணை மனத்திற்கொண்டு உருவாயிற்று என்பதையும் நாம் கேட்டல் வேண்டும். 1978இல் மார்பகத்தை இழந்த கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட், தமக்குத் தரப்பட்ட செயற்கை மார்பகம் வெள்ளைத் தோலின் நிறத்தில் இருந்ததை 1980இல் வெளியான தமது நூலிற் பதிவு செய்தார். இழப்பை மறைப்பதே மீட்சி என்ற கருத்தையும் அவர் மறுத்தார். ஒரு சிறு பஞ்சுப் பொதியின் நிறத்திற்கூடச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு படிந்திருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வின் முழு உருவத்தையும் வெளிக்கொணர்ந்தது ஹார்லம் ஆகும். நியூயோர்க்கின் கறுப்பின மக்கள் வாழும் அப்பகுதியின் பொது வைத்தியசாலைக்கு 1967இல் வந்த ஹரல்ட் பிரீமன் என்னும் கறுப்பினச் சத்திரசிகிச்சை நிபுணர், தமது கத்தி எட்டாத நோயொன்றை அங்கு கண்டார். அது வறுமை. 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கு சிகிச்சை பெற்ற மார்பகப் புற்றுநோயாளரை அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழச் சரிபாதிப் பெண்கள் நோய் முற்றிய 3ஆம், 4ஆம் நிலைகளிலேயே வந்திருந்தனர். ஐந்தாண்டு உயிர் பிழைத்தோர் நூற்றுக்கு 39 பேரே. ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காப்புறுதி எதுவும் இருக்கவில்லை.

1990இல் பிரீமன் ஹார்லத்தில் நோயாளர் வழிகாட்டித் திட்டத்தை ஆரம்பித்தார். வழிகாட்டி ஒரு வைத்தியராயிருத்தல் வேண்டும் என்பதில்லை. பெண்ணின் மொழியையும் தெருவையும் அறிந்தவராயிருத்தலே வேண்டும். படிவங்களை நிரப்புதல், பயணத்துக்கு வழிசெய்தல், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுதல், குறித்த நாளில் வராதவரைத் தேடிச் செல்லல், அச்சத்தைப் பேசித் தீர்த்தல் ஆகியன அவரது வேலை. குறைந்த செலவிலோ இலவசமாகவோ மார்பகக் கதிர்ப்படப் பரிசோதனையும் உடன் வழங்கப்பட்டது. 1995 முதல் 2000 வரை அங்கு சிகிச்சை பெற்றோருள் ஐந்தாண்டு உயிர் பிழைத்தோர் நூற்றுக்கு 70 பேராயினர். முற்றிய நிலையில் வந்தோர் நூற்றுக்கு 21 பேராகக் குறைந்தனர். வறியவரின் மரணம் விதியன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

எனினும், ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். முதலில் இவ்வழிகாட்டியின் பணி, சந்தேகத்துக்குரிய கட்டி கண்டறியப்பட்டதிலிருந்து சிகிச்சை வரையிலேயே அமைந்திருந்தது. சிகிச்சைக்கு அப்பாலும் அது விரிந்தது பின்னரே. நோயின் இயல்போ வேறு. ஹோர்மோன் சார்ந்த புற்றுநோய் பத்து, பதினைந்து ஆண்டுகளின் பின்னரும் மீளக்கூடும். அதனைத் தடுக்கும் மாத்திரைகளை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும். ஆண்டுதோறும் கதிர்ப்படம் எடுத்தல் வேண்டும். கைவீக்கம் பல்லாண்டு கழித்தும் தோன்றலாம். சில மருந்துகள் இதயத்தையும் வேறு சில எலும்பையும் தாக்கலாம். பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு வீங்கிய கை என்பது தோற்றத்தின் குறையன்று. அது கூலியின் இழப்பு.

சட்டங்கள் இயற்றப்படவில்லையா? இயற்றப்பட்டன. மார்பகத்தை அகற்றும் சிகிச்சைக்குப் பணம் தரும் காப்புறுதித் திட்டங்கள், மார்பக மீளமைப்புக்கும், செயற்கை மார்பகத்துக்கும், கைவீக்கச் சிகிச்சைக்கும் பணம் தருதல் வேண்டும் என 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால், காப்புறுதியே இல்லாதவளுக்கு அச்சட்டத்தாற் பயனில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் பரிசோதனைத் திட்டத்தின் மூலம் நோய் கண்டறியப்பட்ட காப்புறுதியற்ற பெண்களுக்கு அரச மருத்துவ உதவி வழங்க மாநிலங்களுக்கு வழிசெய்தது. பெரும் வெற்றிதான். ஆயினும், சிகிச்சை தேவைப்படும் காலத்துக்கு மட்டுமே அவ்வுதவி என்ற எல்லையும் அதே சட்டத்தில் எழுதப்பட்டது. ‘சிகிச்சை முடிந்தது’ என்ற சொல் வசதியுள்ள பெண்ணுக்கு நற்செய்தி. வறியவளுக்கோ அதுவே உதவியின் முடிவாகவும் அமையக்கூடும்.

2005இல் வெளியான அமெரிக்க மருத்துவ நிறுவகத்தின் அறிக்கை, சிகிச்சை முடித்த ஒவ்வொருவருக்கும் பின்பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுத்தில் வழங்குமாறு பரிந்துரைத்தது. நல்ல ஆலோசனையே. ஆனால், கனடாவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், அத்தகைய ஏட்டைப் பெற்றோருக்கும் பெறாதோருக்குமிடையே மனத்துயரில் வேறுபாடு காணப்படவில்லை. ஏடு தானாக நடந்து வந்து எவரையும் பேணாது. அதனை நிறைவேற்ற ஆளும், பொருளும், நேரமும் தேவை. அமெரிக்காவிற் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வெள்ளைப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகின்றது. ஆயினும் அதனால் அவர்கள் இறக்கும் விகிதமோ ஏறத்தாழ 40 வீதம் கூடுதலாகவே உள்ளது. நோயின் வகையிலுள்ள வேறுபாடு இதன் ஒரு பகுதியை விளக்கலாம். எஞ்சியதை விளக்கச் சமுதாயத்தையே நோக்குதல் வேண்டும்.

லாசரின் பந்தும் கயிறும், லோர்ட்டின் எதிர்ப்பும், பிரீமனின் வழிகாட்டிகளும் ஓர் உண்மையையே வெவ்வேறு வகையில் உரைக்கின்றன. பின்பராமரிப்பு என்பது சிகிச்சைக்குப் பின்வரும் கருணையன்று. சிகிச்சையின் எஞ்சிய பாதி. முதற்பாதியைப் பொதுவுடைமையாகக் கேட்கும் நாம், இரண்டாம் பாதியைத் தனியார் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடலாகாது. மருத்துவ வரலாற்றை வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் கண்டுபிடிப்பின் ஆண்டோடு ஏட்டை மூடிவிடாது, அக்கண்டுபிடிப்பின் பயன் எவரது வீட்டு வாசல்வரை, எத்தனை ஆண்டுகள் சென்றது என்றும் கேட்பாராக. அவ்வினா எழாத இடத்தில் மருத்துவம் முன்னேறியிருக்கலாம். மக்கள் முன்னேறினர் எனக் கூறுவதற்கில்லை.