லாரியில் பூனைக்குட்டியோடு லாங் டிரிப் போகலாமா? டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?

பூனை குறுக்கே போனால் வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும் டிரைவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே தொழிலில், பக்கத்து சீட்டில் பூனைக்குட்டியைத் தூங்க வைத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் புரியாத விஷயமில்லை. நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்பினால் ஏறக்குறைய 2,400 கி.மீ. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று என்.எச். 44-ல் பல நாள் ஓட்டம். போன இடத்தில் ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டைப் பார்க்கவே வாரக்கணக்கு ஆகும். அப்படிப்பட்ட நேரத்தில் டாபா வாசலில் காலைச் சுற்றிவரும் குட்டியைத் தூக்கி கேபினில் போட்டுக்கொள்ளத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அந்தக் குட்டி பிழைக்குமா என்பது, தூக்குவதற்கு முன்னால் யோசிக்கும் சில விஷயங்களைப் பொறுத்தது. என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த வயதுக் குட்டியை ஏற்றலாம்?

8 வாரம் ஆகாத குட்டியை ஏற்றவே கூடாது. அந்த வயதில் தாய்ப்பாலும் தாயின் உடல் சூடும் அதற்குத் தேவை. 2 மாதக் குட்டி சுமார் 700 முதல் 900 கிராம் எடை இருக்கும். தடுமாறாமல் ஓடும், தானாகவே திட உணவு சாப்பிடும். தள்ளாடி நடக்கிறது, கண் முழுசாகத் திறக்கவில்லை, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுகிறது என்றால் அது தாயிடம் இருக்க வேண்டிய குட்டி.

இன்னொன்று. தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் குட்டி எல்லாமே அனாதை இல்லை. தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். நீங்கள் சாப்பிட்டு, குளித்து, வண்டி எடுக்கும்வரை தூரத்தில் இருந்து கவனியுங்கள். தாய் திரும்பி வந்தால் குட்டியைத் தொடாமல் கிளம்பிவிடுங்கள்.

'எலி தொல்லை தீரும்' என்று குட்டியை ஏற்றுகிறவர்களும் உண்டு. 2 மாதக் குட்டி எலி பிடிக்காது. சொல்லப்போனால், பெரிய எலியிடம் இருந்து அதை நாம்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 1978-ம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைக்கு என்றே தனிப் பகுதி இருக்கிறது. ரயில், சாலை, விமானம் என எதில் அனுப்பினாலும், பயணம் செய்யும் நிலையில் இருக்கிறது, தொற்றுநோய் அறிகுறி இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் கூடவே இருக்க வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு அந்த விதிகள் சொல்லும் கணக்கு இது:

- கோடைக்காலத்தில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர்
- குளிர்காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர்
- வளர்ந்த பூனைக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு
- குட்டிக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு

விலங்குகளை அனுப்பிவைப்பவர்களுக்காக எழுதப்பட்ட விதி என்றாலும், கேபினில் குட்டி வைத்திருக்கும் டிரைவருக்கும் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இதில் ஒரு பொருத்தம் கவனிக்க வேண்டியது. 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. டிரைவருக்கே அந்த ஓய்வு கிடைக்காத டிரிப்பில், குட்டிக்கு 4 மணி நேரக் கணக்கு நடக்காது. ராத்திரி பகலாக ஓட்டி நேரத்துக்கு லோடு இறக்கியே ஆக வேண்டும் என்றால், அந்த டிரிப்புக்குக் குட்டி வேண்டாம்.

பெரிய எதிரி வெயில்

நம்ம ஊர் லாரிகளில் பெரும்பாலும் இன்ஜின் கேபினுக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு. மே மாதத்தில் நாக்பூர் பக்கம் 45 டிகிரி செல்சியஸ் வரை போகும். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதி 2025-ல்தான் நடைமுறைக்கு வந்தது. சாலையில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏசி இல்லை.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். பூனைக்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை. அதனால் சூடு ஏறினால் சட்டென்று தணியாது. வெயிலில் நிற்கும், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் 10 நிமிஷத்திலேயே சுமார் 10 டிகிரி கூடிவிடும். 'டீ குடிச்சுட்டு வந்துடறேன்' என்று பூட்டிவிட்டுப் போகும் அந்த நேரமே போதும், குட்டி செத்துவிடும்.

நாய் வாயைத் திறந்து மூச்சிரைப்பது சாதாரணம். பூனை அப்படிச் செய்தால் ஆபத்து. எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, ஈறு செக்கச் சிவந்திருப்பதும் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடம்பையும் பாதங்களையும் நனைத்து விசிறிவிடுங்கள். ஐஸ் வேண்டாம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்த மாதிரி தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

ஜனவரியில் கதை தலைகீழ். டெல்லி, பஞ்சாப் பக்கம் ராத்திரியில் 5 டிகிரிக்கும் கீழே போகும். கம்பளித் துணி விரித்த கூடை இல்லாமல் குட்டி தாங்காது.

பிரேக்குக்கு அடியில் பூனை

இது குட்டியின் உயிரோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை. பயந்த பூனை இருட்டான, குறுகலான இடத்தைத் தேடும். லாரி கேபினில் அப்படிப்பட்ட இடம் பெடலுக்கு அடியில்தான். 30 டன் லோடோடு இறக்கத்தில் வரும்போது பிரேக்குக்கும் தரைக்கும் நடுவில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டியதில்லை.

அதனால் ஒரே விதி: இன்ஜின் ஓடினால் குட்டி கூடைக்குள். காற்றோட்டமுள்ள, மூடி போட்ட பிளாஸ்டிக் கூண்டோ கூடையோ போதும். அது ஆடாமல், பின்னால் உள்ள படுக்கையிலோ கிளீனர் சீட்டிலோ கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். மடியில் வைத்தும் தோளில் ஏற்றியும் ஓட்டுவது வீடியோவுக்கு நன்றாக இருக்கும். சாலையில் எதிரே வருகிறவருக்கு நல்லதில்லை.

வண்டி நின்ற பிறகும் கவனம் தேவை. கதவைத் திறக்கும் முன் குட்டி எங்கே என்று பாருங்கள். வெளியே விடுவதாக இருந்தால் மார்புப் பட்டையும் கயிறும் மாட்டித்தான் விட வேண்டும். கழுத்தில் மட்டும் கட்டினால் இறுக்கிவிடும், இல்லை உருவிக்கொண்டு ஓடிவிடும். ஹாரன் சத்தத்தில் மிரண்டு ஓடும் குட்டியை டிரக் பார்க்கிங்கில் தேடிப் பிடிப்பது லேசில்லை. சூட்டுக்காக இன்ஜின் பக்கமும் டயர் மேலும் ஏறிப் படுக்கும். எனவே கிளம்பும் முன் கேபினைத் தட்டி, டயர்களைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது?

பசும்பாலும் தயிர்சாதமும்தான் நமக்குத் தெரிந்த பூனைச் சாப்பாடு. ஆனால் நிறைய குட்டிகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வரும். ஓடும் வண்டியில் வயிற்றுப்போக்கு வந்தால் நீர் வற்றி ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். பூனை மாமிசம் சாப்பிட்டே ஆக வேண்டிய உயிர். இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து இல்லாமல் வளர்ந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

வடக்கே பல டாபாக்களில் சைவம் மட்டும்தான். அதனால் குட்டிகளுக்கான உலர் தீவனத்தைக் கிளம்பும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் முட்டையும் இடையில் கொடுக்கலாம். கொடுத்த கையோடு வண்டியை எடுத்தால் வாந்தி எடுக்கும். கொஞ்சமாகக் கொடுத்து, அரை மணி நேரமாவது விட்டுக் கிளம்புங்கள்.

கேபினில் சாதாரணமாக இருக்கும் சில பொருட்கள் பூனைக்கு விஷம்:

- பாராசிட்டமால்: காய்ச்சல் மாதிரி தெரிகிறதே என்று கொடுக்காதீங்க. ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.
- கூலன்ட்: எத்திலீன் கிளைக்கால் கலந்தது என்றால் சில துளிகள் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். கீழே சிந்தினால் துடைத்துவிட வேண்டும்.
- பினாயில்: பூனையின் கல்லீரலால் இதைச் சமாளிக்க முடியாது. மணல் தட்டை சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவினால் போதும்.
- நாய்க்கான உண்ணி மருந்து: பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பூனைக்கு வலிப்பை வரவைக்கும்.
- சால்னா, குருமா மிச்சம்: அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை அழிக்கும்.

குடோன்களில் எலி மருந்து வைத்திருப்பார்கள். லோடு ஏற்றும் இடத்தில் குட்டியைக் கீழே விடவே கூடாது.

தடுப்பூசி எப்போது?

பூனைகளுக்கு வரும் வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம்வரை போட வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி 3 மாதம் ஆனதும். குடற்புழு மருந்து எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை எடை பார்த்து மருத்துவர் சொல்வார். நாமக்கல் டிரைவர்களுக்கு ஒரு வசதி, ஊரிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊசி போட்ட தேதிகளைச் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், எந்த மாநிலத்தில் மருத்துவரைப் பார்த்தாலும் காட்டலாம்.

ஊசி முடியாத குட்டி டாபா பூனைகளோடு சேரக் கூடாது. அது உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ 'சின்னக் குட்டிதானே' என்று விடாதீங்க. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்து கை கழுவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீங்க. பூனை மலத்தில் இருந்து பரவும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம்.

ஓனரிடம் கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பல சரக்கு நிறுவனங்கள் டிரைவர்கள் செல்லப்பிராணி வைத்துக்கொள்ள முன்பணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கின்றன. இங்கே அது ஓனருக்கும் டிரைவருக்கும் உள்ள பேச்சுதான். மாற்று டிரைவருக்கும் கிளீனருக்கும் சம்மதமா என்றும் கேளுங்கள். கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்கள் குட்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. பிளான்ட்டுக்குள் வண்டி போகும்போது அதை வைக்க இடம் இருக்காது.

வளர்க்க முடியவில்லை என்றால்?

அதிகம் நடப்பதும், அதிகம் பேசப்படாததும் இதுதான். சேலத்தில் ஏற்றிய குட்டி தொந்தரவு செய்கிறது என்று கர்னூல் தாண்டி ஏதோ ஒரு டாபாவில் இறக்கிவிடுவார்கள். பூனை தன் எல்லைக்குள் வாழும் உயிர். தெரியாத இடத்தில், அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் நடுவில், கையால் சோறு வாங்கிப் பழகிய குட்டி பிழைப்பது கஷ்டம்.

பசி தாகத்தில் தவிக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அபராதத்துக்குப் பயந்து யாரும் நிற்கப் போவதில்லை. அதனால் இறக்கிவிட வேண்டிய நிலை வராமல் முதலிலேயே முடிவெடுப்பதுதான் வழி.

ஏற்றும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்னால் வண்டியை நிறுத்த முடியுமா? மதிய வெயிலில் இதை எங்கே வைப்பேன்? டிரிப் முடிந்ததும் இது யார் வீட்டில் இருக்கும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் கூடையை வாங்கிக் கட்டுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், டாபா வாசலில் அதற்குக் கொஞ்சம் சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரிட்டர்ன் வரும்போது அது அங்கேயே வளர்ந்து நிற்கும்.