தட்டில் பூத்த ரோஜா

மன்னர் ஒருவர் தம் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கியதால் மண்தட்டுக்கு மதிப்புப் பிறந்த கதை பிரான்சு நாட்டில் உண்டு. போர்ச் செலவால் கருவூலம் வறண்டபோது, 1689-இல் பதினான்காம் லூயி மன்னர் வெர்சாய் அரண்மனையின் வெள்ளிப் பொருள்களை நாணயச் சாலைக்கு அனுப்பினார். 1709-இல் கொடிய குளிரும் போர்த் தோல்விகளும் ஒருசேர வாட்டியபோது பிரபுக்களும் அவ்வாறே செய்ய நேர்ந்தது. உயர்குடியினர் சில நாள்களிலேயே மண்தட்டுக்கு மாறியதைச் சேன் சிமோன் கோமகன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்துள்ளார்.

இன்று பழம்பொருள் விரும்புவோர் தேடித் திரிந்து சுவரில் மாட்டும் பூந்தட்டுகளின் முன்னோர் இவையே. பீங்கான் போலத் தோன்றினும் இவை பீங்கான் அல்ல. ஃபயான்ஸ் என்பது இவற்றின் பெயர். இத்தாலியின் ஃபயன்சா நகரிலிருந்து வந்த பெயர் அது. சுட்ட களிமண்ணை வெள்ளீயமும் ஈயமும் கலந்த மெருகுக் கரைசலில் தோய்த்தெடுப்பார்கள். மாவு பூசினாற்போன்ற அந்த ஈரம் உறிஞ்சும் பரப்பில் தூரிகை ஒருமுறை பட்டால் பட்டதுதான், அழித்தெழுத வழியில்லை. பின்னர் சூளையின் பெருந்தீயைத் தாங்கிய நிறங்களோ மிகச் சில: நீலம், மஞ்சள், பச்சை, கருஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஊதா. நெவேர், ரூவான் நகரங்களின் பழந்தட்டுகளில் நீலம் ஓங்கி நிற்பதன் காரணம் இதுவே.

உண்மையான ரோஜா நிறம் ஸ்ட்ராஸ்பூரில் பூத்தது. 1740-களின் பிற்பகுதியில் பால் ஆனோங் என்பவர், மெருகிட்டுச் சுட்ட தட்டின்மீது வரைந்து, இளஞ்சூட்டில் மீண்டும் ஒருமுறை சுடும் முறையைத் தம் பட்டறையில் கொண்டுவந்தார். அந்த இளஞ்சிவப்பைத் தந்தது, அமிலத்தில் கரைத்த தங்கம்! வெள்ளிக்கு மாற்றாக வந்த மண்ணின்மேல் தங்கம் மலராயிற்று.

ஆயினும் பட்டறை நிலைக்கவில்லை. மகன் யோசேப்பு ஆனோங் கடனில் மூழ்க, 1781-இல் அது மூடப்பட்டது. 1786-இல் இங்கிலாந்தோடு செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, மலிவும் உறுதியும் மிக்க ஆங்கிலப் பாண்டங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிரான்சின் ஃபயான்ஸ் பட்டறைகள் பல அந்த அடியிலிருந்து எழவேயில்லை.

எளியோர் வீட்டிலும் இத்தட்டுக்கு இடமிருந்தது. நெவேரில் ஒருவரது திருமுழுக்குப் பெயருக்குரிய புனிதரின் உருவை நடுவில் வரைந்து, கீழே அவர் பெயரையும் ஆண்டையும் எழுதித் தருவார்கள். புரட்சிக் காலத்தில் அதே நகரின் தூரிகைகள் அரசியல் முழக்கங்களை எழுதின. அவற்றைத் தேடிச் சேர்த்த எழுத்தாளர் ஷான்ஃப்ளரி, 1867-இல் அவற்றின் வரலாற்றையே நூலாக்கினார். அதற்கு ஐந்தாண்டு முன்னர் அவர் எழுதிய கதையோ, ஃபயான்ஸ் வயலின் ஒன்றின்மீது ஆசைப்பட்ட சேகரிப்போரின் பித்தைப் பற்றியது! நோயாளியே மருத்துவராகவும் இருந்தார் போலும்.

இன்று சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் லூனெவில், கேம்பேர் தட்டுகள். பின்புறத்தில் "பிரான்ஸ்" என்று நாட்டின் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டுப்பெயர் வேண்டுமென்ற அமெரிக்கச் சட்டத்தின் விளைவு அது. மெருகில் ஈயம் உள்ளமையால், பழந்தட்டில் உணவு பரிமாறாமல் சுவரோடு நிறுத்துவதே நலம்.

தட்டைத் திருப்பிப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. தெருத்தெருவாய் வந்த ஒட்டுவேலைக்காரர்கள், உடைந்த துண்டுகளில் பின்பக்கமாகப் பாதி ஆழம் துளையிட்டு, உலோகக் கம்பியால் தைத்துக் கொடுத்தார்கள். முன்புறம் மயிரிழைக் கீறல் மட்டுமே தெரியும். புதுத்தட்டு வாங்க இயலாத ஒரு வீட்டார் அந்த ரோஜாவைக் கைவிட மனமின்றிக் கூலி கொடுத்த கதை பின்புறத்தில்தான் இருக்கிறது. கம்பி கண்டால் விலை வெகுவாக இறங்கிவிடும். விற்பவர் அதை அடுக்கின் அடியில் வைத்திருப்பார். கேட்டு வாங்குங்கள்.