ஊர்காவற்றுறை

ஊர்காவற்றுறை என்பது இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில், வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் உள்ள பழைய துறைமுக ஊர். ஆங்கிலத்தில் இதை 'கைட்ஸ்' என்பார்கள். போர்த்துக்கேயர் இதனை யானைகள் ஏற்றும் துறை என்று குறித்ததிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் 'லைடன்' என்று பெயரிட்டனர். இன்று இங்கே இறங்குகிறவருக்கு ஒரு மீனவர் ஊரும், ஒரு கடைத்தெருவும், தேவாலயக் கோபுரங்களும்தான் தெரியும். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னனும் சோழ மன்னனும் ஒருங்கே கவனம் வைத்த துறை இது.

இதற்கான முதற்சான்று ஊர்காவற்றுறையில் இல்லை. அருகிலுள்ள நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோவிலில் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு அது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு (ஊர்காவற்றுறையின் பழைய பெயர்) வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்று அது அறிவிக்கிறது. அடுத்து வருவது கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதற்கான விதி. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பலானால் சரிபாதி. அரசனுக்கு யானை, குதிரை மீதிருந்த விருப்பம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. கரையொதுங்கிய சரக்கை முழுவதுமாக ஆட்சியாளர் எடுத்துக்கொள்வது அக்காலத்தில் பல கரைகளில் நடந்ததுதான். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளித் துறையில் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாகக் காகதீய மன்னன் கணபதிதேவன் கல்வெட்டுப் பொறித்தது 13ஆம் நூற்றாண்டில். நயினாதீவுக் கல் அதற்கு மூத்தது.

இதே துறையைச் சோழர் வேறு கண்ணால் பார்த்தனர். இரண்டாம் இராஜாதிராஜன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களில் ஈழத்தரசன் படை திரட்டிக் கப்பல் கட்டியதையும், அவை தாக்கப்பட்டதையும் சொல்கிறது.

சீனத்துக் கப்பற்சரக்கும் இந்தப் பக்கம் வந்தது. வேலணைத் தீவில் உள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் நடத்திய அகழ்வில் வட சொங் காலத்துச் சீன மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகக் குழு அதே இடத்தை மறுபடி தோண்டியது. துறையின் வரலாற்றுக்கு எந்தக் கோட்டையையும்விட இந்த ஓடுகளே பெரிய ஆதாரம். ஆனாலும் பயணிகளில் பெரும்பாலோர் அல்லைப்பிட்டியைக் வண்டிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கடந்துபோகிறார்கள்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் (இன்றைய காரைநகர்) இடைப்பட்ட கடலில், சிறு திட்டொன்றின் மேல் அவர்கள் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையின் வரைபடம் பன்றித்தொடை போல இருப்பதாகக் கண்டு, அதன் குதிப்பகுதியில் நிற்கும் இக்கோட்டைக்கு 'ஹமன்ஹீல்' என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வழக்கில் அது கடற்கோட்டை. பிற்காலத்தில் சிறையாக இருந்து, 1971இல் அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி.யினரை அடைத்துவைத்த இடமும் இதுவே. இப்போது கடற்படையின் பொறுப்பில் சுற்றுலா விடுதியாக இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில் துறையின் பெரிய வருமானம் யானை. வன்னியில் பிடித்தவையும் வன்னியர் திறையாகச் செலுத்தியவையும் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்கு நடத்திவரப்பட்டன. கோல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து வந்த வணிகர் அவற்றை வாங்கிக் கப்பலேற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் கொழும்பு வளர்ந்தது. ஆழம் குறைந்த இந்தக் கடலுக்குள் பெரிய நீராவிக் கப்பல் வர முடியாது. 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ரயில் பாதை இணைந்ததும் சரக்கு அந்த வழியே போயிற்று. பாய்த்தோணிகள் மட்டும் இன்னும் சிறிது காலம் ஓடின.

துறையின் பின்னணியில் வளர்ந்த பண்பாட்டில் கத்தோலிக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. மெலிஞ்சிமுனை போன்ற கரையோர ஊர்களில் நாட்டுக்கூத்து தேவாலயத் திருநாளோடு சேர்ந்தே வாழ்கிறது. ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் இங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவர். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலை அறிஞருலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. போர்த்துக்கேயர் பெயரிட்ட துறையில் பிறந்தவர் அவர்களின் தலைநகரில் தமிழைத் தேடியது பொருத்தந்தான். வேலணையில் பிறந்த தமிழறிஞர் கா. பொ. இரத்தினம் 1970 முதல் 1983 வரை ஊர்காவற்றுறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

1990களின் தொடக்கத்தில் தீவகம் (யாழ்ப்பாணத்துத் தீவுகள்) இராணுவத்தின் கைக்கு வந்தபோது பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். அவர்களில் பலர் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று நிலைகொண்டனர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண மாவட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி, தீவின் அராலித்துறைப் பகுதியில் வெடித்த கண்ணிவெடியில் மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட படையதிகாரிகள் இறந்தனர். கூரை இழந்த கல்வீடுகள் இன்னும் பல ஒழுங்கைகளில் நிற்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போகலாம். மண்கும்பானில் நின்று போவது நல்லது; அங்கே நன்னீர் உண்டு. கடலுக்கு இத்தனை அருகில் நன்னீர் கிடைப்பதற்கு இங்குள்ள மணல்தான் காரணம்: மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேலே தங்கிவிடுகிறது. அருகிலுள்ள சாட்டிக் கிணறுகள் தீவின் பல ஊர்களுக்குக் குடிநீர் தருகின்றன. மணல் அகழ்ந்தால் அந்த நீரும் போகும் என்பதால் மணல் ஏற்றுவதை ஊரவர் எதிர்த்து வருகிறார்கள். மண்கும்பானில் பழைய பள்ளிவாசல் ஒன்றும், சாட்டியில் வெள்ளைக் கடற்கரையும் கடலோடிகளின் காவலான சிந்தாத்திரை மாதா ஆலயமும் உள்ளன.

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போக இன்றும் பாலம் இல்லை. 'பாதை' எனப்படும் மிதவையில் மோட்டார் சைக்கிளோடு ஏறிக் கடக்கிறார்கள். அனலைதீவு, எழுவைதீவுப் படகுகளும் இங்கிருந்தே புறப்படும். நயினாதீவுக்குப் போய் மேற்சொன்ன கல்வெட்டைப் பார்க்க விரும்புகிறவர் இங்கு காத்திருந்து பயனில்லை. புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறைக்குத்தான் போக வேண்டும்.