“அங்கே ஆள் இருக்கா?”: தேர்வாணையம் பிறந்த கதை

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிக்கும் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே விரிந்து கிடக்கும் புத்தகங்களில் பாதி பள்ளிக்கூடப் பாடநூல்கள். ஆறாம் வகுப்புத் தமிழ், எட்டாம் வகுப்பு சமூக அறிவியல், பத்தாம் வகுப்பு அறிவியல். படிப்பவர்களோ பட்டம் வாங்கி நான்கைந்து வருடம் ஆனவர்கள். தர்மபுரியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வந்து, அடையாறிலும் சைதாப்பேட்டையிலும் அறை எடுத்துத் தங்கி, குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள். 2024 ஜூன் மாதம் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல்.

இவ்வளவு பேர் இவ்வளவு காலம் காத்திருப்பதற்குச் சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும் காரணமல்ல. நம் ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் எழும் கேள்வி, “அங்கே ஆள் இருக்கா?” என்பதுதான். ஆள் இல்லாதவர்களும் நுழையலாம் என்று இவர்கள் நம்பும் வாசல் இது. அந்த வாசலை இந்தியாவின் மாகாணங்களிலேயே முதன்முதலாகக் கட்டியது நம் சென்னை. 1929-ல் பிறந்த மதராஸ் சர்வீஸ் கமிஷன்தான் இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்.

அதற்கு முன் அரசு வேலை கிடைத்த விதம் வேறு. மாவட்டத்தில் கலெக்டர், துறையில் துறைத் தலைவர். கீழ்நிலைப் பணிகளுக்கு ஆள் எடுப்பது அவர்கள் கையில் இருந்தது. கடல் கடந்து வந்த கலெக்டருக்கு ஊரில் யாரைத் தெரியும்? கச்சேரியில், அதாவது தம் அலுவலகத்தில், பழம் தின்று கொட்டை போட்ட தலைமை எழுத்தரான சிரஸ்தாரைக் கேட்பார். சிரஸ்தார் தமக்குத் தெரிந்த பெயரைச் சொல்வார். தெரிந்த பெயர் என்பது பெரும்பாலும் மகன், மருமகன், மைத்துனர் பெயர். இதில் உள்ள ஆபத்து அரசாங்கத்துக்கே புரிந்திருந்தது. ஒரு மாவட்டத்துப் பதவிகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் தனிச்சொத்தாகிவிடாமல் பல சாதியாருக்கும் பகிர்ந்தளிக்கும்படி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வருவாய் வாரியத்தின் நிலை ஆணை ஒன்று கலெக்டர்களுக்குச் சொன்னது. அதன் எண் 128(2). பல பத்தாண்டுகள் அது ஏட்டிலேயே இருந்தது. நல்ல ஆணை ஒன்றைப் போட்டுவிட்டு, அதை மீறினால் யாருக்குத் தெரியவரும் என்று ஏற்பாடு செய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

மயிலாப்பூர் அந்த நாளில் உயர் நீதிமன்ற வக்கீல்களின் ஊர். இங்கிலீஷ் படிப்பை முதலில் எட்டிப் பிடித்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் கண்விழித்துப் படித்தார்கள், பட்டம் பெற்றார்கள், வேலைக்கும் போனார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படிப்பும் உறவும் ஒரே தெருவில் குடியிருந்தபோது, மற்றத் தெருக்காரர்களுக்குக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை இதை எண்ணிக்கையில் காட்டியது. அப்போது மாகாணத்திலிருந்த 128 நிரந்தர மாவட்ட முன்சீப்களில் 93 பேர் பிராமணர்கள், 25 பேர் பிராமணரல்லாத இந்துக்கள், எஞ்சிய பத்துப் பேர் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் முதலானோர். மாகாணத்தின் மக்கள்தொகையில் பிராமணர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். இந்த முன்சீப் பதவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே பதவி 35 வருடம் கழித்து டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போகப் போகிறது.

தியாகராய நகரில் துணி வாங்கப் போகிறவர்கள் இந்தக் கதையின் மனிதர்களைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். அந்த அறிக்கையை வெளியிட்ட பிட்டி தியாகராயர் பெயரில்தான் நகரே இருக்கிறது. வெங்கட்நாராயணா சாலையில் பூங்காவாக இருக்கும் டாக்டர் சி. நடேச முதலியார், வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குத் திருவல்லிக்கேணியில் விடுதி நடத்தியவர். சாலையாக இருக்கும் ஓ. தணிகாசலம் செட்டியார், அரசு நியமனங்களில் பிராமணரல்லாதாருக்கு உரிய பங்கு வேண்டுமென்று 1921-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். பேருந்துகள் சுற்றிப் போகும் பனகல் பூங்காவின் பெயருக்கு உரியவர், 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் ராமராயநிங்கர்.

தணிகாசலம் கொண்டுவந்த தீர்மானத்தை அடுத்து, 1921 செப்டம்பர் 16 அன்று 613ஆம் எண் அரசாணை பிறந்தது. வகுப்புவாரி ஆணை என்று பெயர் பெற்றது அதுதான். ஏட்டில் கிடந்த 128(2)ஐத் தூசி தட்டி, அந்தக் கொள்கையை எல்லாத் துறைகளுக்கும் எல்லா நிலைப் பதவிகளுக்கும் விரித்தது. கூடவே, நிர்வாகம் தெரிந்தவர்கள் மதிக்கும் ஒரு வேலையையும் செய்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எந்த வகுப்பில் எத்தனை பேரைப் புதிதாகச் சேர்த்தோம் என்று ஒவ்வொரு துறையும் கணக்கு அனுப்ப வேண்டும். பழைய ஆணைக்கு இல்லாத பல் இதற்கு முளைத்தது.

ஆனாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் கை மாறவில்லை. கணக்கு கேட்பது மேலே, நியமிப்பது அதே துறைத் தலைவர். எனவே பனகல் அரசரின் அரசாங்கம் 1924-ல் பணியாளர் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்தது. வேலைக்கு ஆள் தேவைப்படுகிற அலுவலகம் ஒன்று, ஆளைத் தேர்கிற அலுவலகம் வேறொன்று. தேர்வாணையத்தின் விதை இந்தப் பிரிவினைதான்.

உலகமும் அப்போது இதே பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. பிரிட்டன், பிரபுக்களின் சிபாரிசில் நடந்த நியமனங்களுக்கு எதிராக நார்த்கோட், ட்ரெவெல்யன் இருவர் தந்த அறிக்கைக்குப் பின் 1855-ல் சிவில் சர்வீஸ் கமிஷனை அமைத்தது. அமெரிக்காவில் பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் 1881-ல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டையே சுட்டான். இரண்டு வருடத்தில் போட்டித் தேர்வுக்கான சட்டம் அங்கே வந்தது. இந்தியாவில் லீ கமிஷனின் பரிந்துரைப்படி 1926 அக்டோபரில் மத்தியத் தேர்வாணையம் பிறந்தது. மாகாணங்களில் முந்திக்கொண்டது சென்னை. 1929-ல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால், தலைவர் உட்பட மூன்றே உறுப்பினர்களோடு மதராஸ் சர்வீஸ் கமிஷன் தொடங்கியது. அப்போது முதலமைச்சர் டாக்டர் பி. சுப்பராயன். விதை போட்ட பனகல் அரசர் 1928 டிசம்பரிலேயே காலமாகியிருந்தார்.

சென்னையின் தேர்வாணையத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. லண்டனில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சிபாரிசை எப்படி ஒழிப்பது? சென்னை அதோடு இன்னொன்றையும் கேட்டது: இதுவரை வராதவர்களை எப்படி வரவழைப்பது? முதல் கேள்விக்கு விடை தேர்வு வாரியம். இரண்டாவதற்கு விடை 1927-ல் உருவாகி, எஸ். முத்தையா முதலியார் அமைச்சரான பின் 1928-ல் நடைமுறையில் வேகம் பிடித்த சுழற்சி முறை. பன்னிரண்டு இடம் காலியானால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. இன்று கோட்டூர்புரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கட் ஆஃப் பற்றிப் பேசினால், ஐந்தாவது நிமிடத்தில் இனச்சுழற்சி என்ற சொல் வந்துவிடும். இருநூறு இடங்கள் கொண்ட இன்றைய சுழற்சிப் பட்டியலுக்குப் பாட்டன் அந்தப் பன்னிரண்டு இடப் பட்டியல்தான்.

இரண்டு விடைகளும் ஒன்றையொன்று தாங்கின. தேர்வு வாரியம் இல்லாமல் சுழற்சி மட்டும் இருந்திருந்தால், ஒவ்வொரு வகுப்பின் பங்கும் அந்த வகுப்பின் செல்வாக்குள்ளவர்கள் வீட்டுக்கே போயிருக்கும். சுழற்சி இல்லாமல் தேர்வு மட்டும் இருந்திருந்தால், தாத்தா காலத்திலிருந்து படித்தவர்களின் பேரன்களே தேறியிருப்பார்கள்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937-ல் இது மதராஸ் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பின் சோதனை வந்தது. 1949-ல் ஆணையம் 83 மாவட்ட முன்சீப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியது. ஹரிஜனங்களுக்கு 19, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11, கிறிஸ்தவர்களுக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என்று பிரித்திருந்தது. இடம் கிடைக்காத ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் வெங்கடரமணா வழக்கு. கல்லூரி இடங்கள் பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கோடு சேர்த்து 1951 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு வந்தது. வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஹரிஜனங்களுக்குமான ஒதுக்கீடு செல்லும், மற்றவர்களை வகுப்புவாரியாகப் பிரித்தது செல்லாது, கல்லூரி இடங்களிலோ வகுப்புவாரிப் பிரிவினையே செல்லாது என்றது நீதிமன்றம். தமிழகம் கொந்தளித்தது. அந்த ஆண்டே கல்வியிலும் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்து அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. அவர் பெயர் தாங்கிய கிரீன்வேஸ் சாலையில்தான் இன்று குடிமைப் பணித் தேர்வுக்கான அரசுப் பயிற்சி மையம் நடக்கிறது.

மாநிலத்தின் பெயரைத் தொடர்ந்து 1970-ல் ஆணையத்தின் பெயரும் தமிழ்நாடு ஆயிற்று. பத்து வருடம் கழித்து அது போய்ச் சேர்ந்த இடம் மிகப் பெரியது. தலைமுறை தலைமுறையாகத் தகப்பன் வேலை மகனுக்கு என்று இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அந்த நாற்காலிகளுக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.) வந்தார்கள். பட்டாவையும் அடங்கலையும் தொடும் கை, பிறப்பால் வந்த கை என்ற நிலை மாறி, தேர்வெழுதி வந்த கை ஆனது. கர்ணத்தின் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று பேசிய குடும்பத்துப் பெண், அதே ஊரின் வி.ஏ.ஓ. நாற்காலியில் உட்கார இதுதான் வழி செய்தது. தேர்வாணையம் நமக்குத் தந்த கொடைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

கதவைக் காக்கிறவரை யார் காப்பது என்ற கவலையும் இதன் கூடவே பிறந்ததுதான். அரசியல் சட்டம் நிறையவே யோசித்திருக்கிறது. மாநில ஆணைய உறுப்பினருக்கு ஆறு ஆண்டு, அல்லது 62 வயது, எது முந்தியோ அதுவரை பதவி. முறைகேடு என்றால் உச்ச நீதிமன்றம் விசாரித்த பிறகு குடியரசுத் தலைவர்தான் நீக்க முடியும். பதவி முடிந்தபின், வேறு தேர்வாணையப் பதவி தவிர எந்த அரசு வேலையும் கூடாது. நாளைய பதவிக்காக இன்று வளைந்துவிடக் கூடாது என்பதற்காக இது. ஆனால் உறுப்பினர்களை நியமிப்பது ஆட்சியில் இருக்கிறவர்களின் ஆலோசனைப்படிதான். 2016-ல் ஒரே நேரத்தில் நியமிக்கப்பட்ட பதினொரு உறுப்பினர்களின் நியமனத்தை, உரிய ஆய்வு இல்லாமல் நடந்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆயிரக்கணக்கானவர்களைச் சலித்தெடுக்கிறவர்களைச் சலிக்க ஒரு நல்ல சல்லடை இன்றும் நம்மிடம் இல்லை.

உள்ளே வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் அந்த வாசலுக்கு அப்பாற்பட்டது. ஒழுங்கு நடவடிக்கைகளில் ஆணையத்தின் கருத்தைக் கேட்கிறார்கள். எந்த ஊரில் போஸ்டிங், எப்போது இடமாற்றம் என்பதோ பழையபடி கோட்டையின் கையில். இப்படி அடிக்கடி நடக்கும் இடமாற்றங்களை எதிர்த்து, மத்திய அரசின் அமைச்சரவைச் செயலராக இருந்து ஓய்வுபெற்ற டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் வழக்குத் தொடுத்தார்கள். பணியிட மாற்றங்களுக்கும் தனி வாரியம் வேண்டும், குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1924-ல் நியமனத்துக்குப் போட்ட அதே வேலியை இடமாற்றத்துக்கும் போடச் சொன்ன தீர்ப்பு அது. அந்த வேலி இன்னும் உறுதிப்படவில்லை.

வாசலிலேயே ஓட்டை விழுந்ததையும் பார்த்தோம். 2019-ல் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முதல் நூறு இடங்களில் குவிந்தபோது முறைகேடு வெளிவந்தது. எழுதியபின் மறையும் மையினால் விடைத்தாளில் குறித்திருந்தார்கள். தாள்கள் சென்னைக்கு வரும் வழியில் சரியான விடைகள் ஏறின. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். அதன்பின் விடைத்தாளில் கைரேகை வந்தது. விடை தெரியாத கேள்விக்கும் ‘E’ என்ற வட்டத்தைக் கருக்க வேண்டும் என்ற விதி வந்தது. தாளில் வெற்றிடமே இருக்கக் கூடாது, அப்போதுதான் பிறர் கை அதில் எழுத முடியாது. சிரஸ்தாரின் வாயில் புகுந்த மைத்துனர் பெயரைத் தடுக்கத் தொடங்கிய வேலை, இன்று ஓ.எம்.ஆர். தாளின் ஒரு சின்ன வட்டம் வரை வந்திருக்கிறது.

நூலகம் மூடும் நேரத்தில் இந்தப் பிள்ளைகள் பாடநூல்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். பார்க் டவுனில் இருக்கும் ஆணைய அலுவலகத்தில் இவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த அலுவலகம் பிறந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு வேலை கிடைக்காது. கணக்கு அப்படி. கிடைக்காதவர் ஊருக்குத் திரும்பும்போது, “நான் இன்னும் படித்திருக்க வேண்டும்” என்று நினைத்தால் ஆணையம் உயிரோடு இருக்கிறது. “எனக்கு அங்கே ஆள் இல்லை” என்று நினைத்தால், நாம் 1929-க்கு முன்னால் போய்விட்டோம்.