கற்பனைக் குடும்பமும் காலவரையறைச் சட்டமும்

1979ஆம் ஆண்டு ஜனவரி 22, 23, 25, 26 ஆகிய நான்கு இரவுகளில் 'ஹோலோகோஸ்ற்' என்னும் அமெரிக்கத் தொடர் மேற்கு ஜேர்மனியின் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் நாஸிகளாற் கொல்லப்பட்டமை அந்நாட்டவர் அறியாததொன்றன்று. நூரெம்பேர்க் விசாரணை 1946இல் முடிந்திருந்தது. 1963 முதல் 1965 வரை பிராங்பேட் நகரில் அவுஷ்விற்ஸ் முகாமிற் பணியாற்றியோர்மீது வழக்கு நடந்தது. நூல்களுக்கும் குறைவில்லை. இவை யாவும் அசைக்காத உள்ளங்களை ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதை அசைத்தமை எவ்வாறு?

ஜெரால்ட் கிறீன் எழுதி மார்வின் சொம்ஸ்கி நெறிப்படுத்திய இத்தொடர், 1978 ஏப்ரலில் அமெரிக்காவில் முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. பேர்லினில் வாழும் யூத மருத்துவர் ஜோசப் வைஸின் குடும்பம் ஒருபுறம். வேலையற்ற இளம் வழக்கறிஞன் எரிக் டோர்ஃபின் குடும்பம் மறுபுறம். டோர்ஃபின் மனைவிக்கு வைத்தியம் செய்பவரே வைஸ்தான்.

தொடரின் சிறந்த பாத்திரப்படைப்பு டோர்ஃப் எனலாம். அவன் பிறவிக் கொடியவனல்லன். மனைவியின் தூண்டுதலால் உத்தியோகம் தேடிச் செல்பவன். ஹைட்ரிச்சின் அலுவலகத்தில் அவனை உயர்த்துவது துப்பாக்கியன்று, சொல்வன்மையே. கொலையைக் கொலையெனக் கூறாது 'இடமாற்றம்' எனவும் 'விசேட நடவடிக்கை' எனவும் எழுதத் தெரிந்தவன் அவன். அக்காலத்து உண்மை ஆவணங்களும் இத்தகைய சொற்களாலேயே நிரம்பியுள்ளன. மைக்கல் மொறியாட்டி அப்பாத்திரத்தைத் தாழ்ந்த குரலில், ஏறக்குறைய நாணத்துடன் நடித்தார். பார்த்தோரை அச்சுறுத்தியது அந்தச் சாதாரணத் தன்மையே.

வைஸின் மகள் அன்னா வன்முறைக்கு ஆளாகி மனம் பேதலிக்கின்றாள். சிகிச்சை என்னும் பெயரில் ஹடமாருக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்படுகின்றாள். அன்னா கற்பனை, ஹடமார் கற்பனையன்று. 1941இல் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் அங்கு நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் யூதரல்லாத ஜேர்மனியரே.

அவுஷ்விற்ஸிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசல் தொடரைக் கடுமையாகச் சாடினார்: உண்மைக்குப் புறம்பானது, மலிவானது, இறந்தோரை இழிவுபடுத்துவது என்றார். அதில் நியாயமுண்டு. வைஸின் இளைய மகன் ரூடி ஒருவனே பாபி யார் படுகொலையையும் சோபிபோர்க் கிளர்ச்சியையும் கண்டுவிடுவது நம்பத்தக்கதன்று. அமெரிக்க ஒளிபரப்பில் இடையிடையே விளம்பரங்கள் வேறு! ஆயினும், எண்ணிக்கையாக மட்டும் அறியப்பட்டோருக்கு முகமும் பெயரும் கிடைத்தன என்பதை மறுத்தலரிது.

மேற்கு ஜேர்மனியில் எதிர்ப்பு இருந்தது. தேசிய அலைவரிசை தவிர்க்கப்பட்டுப் பிராந்திய அலைவரிசைகளிலேயே தொடர் இடம்பெற்றது. முன்னோடியாக ஓர் ஆவணப்படம் காட்டப்பட்ட ஜனவரி 18 அன்று, தீவிர வலதுசாரிகள் ஒளிபரப்பு நிலையங்களிற் குண்டு வைத்தனர். அவ்வாறிருந்தும் ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் தொடரின் ஒரு பகுதியையேனும் பார்த்தனர். ஒவ்வோர் இரவும் தொடர் முடிந்தபின் வரலாற்றறிஞர் கலந்துரையாட, ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியில் வினாத் தொடுத்தனர். அந்நாளில் நீங்கள் எங்கிருந்தீர்கள் எனப் பிள்ளைகள் பெற்றோரைக் கேட்கத் தொடங்கினர்.

அவ்வாண்டிறுதியிலேயே, நாஸிக் காலக் கொலைகளுக்கு வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறை முடிவடையவிருந்தது. அது 1965இலும் 1969இலும் ஏற்கெனவே நீடிக்கப்பட்டதாகும். 1979 யூலை 3ஆம் நாள் பாராளுமன்றம் கொலைக்குற்றத்துக்கான காலவரையறையை முற்றாக நீக்கியது. ஆதரவு 255 வாக்குகள், எதிர்ப்பு 222. தொடரே சட்டத்தை மாற்றிற்று என்பது மிகைக்கூற்று. விவாதம் முன்னரே ஆரம்பமாகியிருந்தது. எனினும் 33 வாக்குகளே வேறுபாடு என்பதும் கருதத்தக்கது.

2011 மே மாதம் மியூனிக் நீதிமன்றம், சோபிபோர் முகாமிற் காவலனாயிருந்த ஜோன் டெம்யன்யுக்கை 28,000க்கு மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தையானவர் எனத் தீர்ப்பளித்தது. மேன்முறையீடு முடியுமுன் 2012இல் அவர் இறந்தார். குற்றம் நிகழ்ந்தது 1943இல்.