ஓசூர் பகுதியில் தொழிற்பயிற்சியும் தானாகக் கற்றலும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எந்திரத் தொழிலுக்குள் நுழைய இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, ஐ.டி.ஐ.யிலோ தனியார் நிலையத்திலோ முறையாகப் பயில்வது. மற்றது, லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து பார்த்துப் பழகுவது. இன்று இரண்டாம் பாதையில் கைப்பேசிக் காணொளிகளும் சேர்ந்துகொண்டன.

பெங்களூருக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள ஓசூரில் 1980இல் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. 1984இல் உருவான டைட்டன், பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களைச் சேர்த்துத் தானே கடிகாரத் தொழில் கற்பித்தது. கைக்கடிகார இயக்கத்தைப் பட்டறையில் பார்த்துப் பழக இந்த ஊரில் அன்று வழி இல்லை. ஆலையே பள்ளிக்கூடமாக வேண்டியிருந்தது.

ஐ.டி.ஐ.யில் பிட்டர், டர்னர் பிரிவுகளுக்கு 2 ஆண்டு, வெல்டருக்கு 1 ஆண்டு. அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சி இலவசம். மாத உதவித்தொகையும் உண்டு. ஆகவே அங்கே உண்மையான செலவு, அந்த ஆண்டுகளில் ஈட்டாமல் போகும் கூலிதான். ஏழை வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழில் பழகுநர்களை எடுக்க வேண்டும். பெரிய ஆலையின் வாசல் பெரும்பாலும் இப்படித்தான் திறக்கிறது. ஆனால் பட்டறையில் பழகியவரிடம் அங்கே காட்டச் சான்றிதழ் இருப்பதில்லை.

தானாகக் கற்பதற்கும் எந்திரத்தில் பயில்வதற்கும் உள்ள வேறுபாடு, கணினி வழி இயங்கும் சி.என்.சி. எந்திரத்தில் துலக்கமாகத் தெரியும். புரோகிராம் எழுதுவதைத் தானே கற்கலாம்: ஜி00 என்றால் வேகமாக நகர்வு, ஜி01 என்றால் குறிப்பிட்ட வேகத்தில் நேர்கோட்டு வெட்டு. இலவச சிமுலேட்டரில் எத்தனை முறை தவறினாலும் நட்டமில்லை. ஆனால் டூல் ஆஃப்செட்டை (டூலின் அளவுத் திருத்தத்தை) தவறாகக் கொடுத்தால் நிஜ எந்திரத்தில், ஜாபைப் பிடித்திருக்கும் சக்கில் டூல் போய் மோதும். தேய்ந்த டூலின் சத்தம், மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் பதம், 0.01 மி.மீ. அளவுக்கு ஜாபைத் திருத்துவது ஆகியவை எந்திரத்தடியில் நின்றால்தான் வரும். தனியார் நிலையத்தில் சில மாத சி.என்.சி. படிப்புக்குப் பணம் கட்டுபவர் உண்மையில் வாங்குவது பாடக் குறிப்புகளை அல்ல, எந்திர நேரத்தை. ஒரு எந்திரத்தைச் சுற்றி இருபது பேர் நிற்கும் வகுப்பில் அந்த நேரமும் கிடைக்காது.

பட்டறையில் பழகியவர்களுக்கு அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு. போதிய பணி அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, ஐ.டி.ஐ.யில் படித்தவர் பெறும் சான்றிதழையே பெறலாம். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு விண்ணப்பங்களைக் கோருகிறது. கை வேலையில் தேறியவரும் இதன் எழுத்துத் தேர்வுக்குப் படித்தே ஆக வேண்டும். வரைபடம் வாசித்தல், பட்டறைக் கணக்கு ஆகியவற்றில்தான் பட்டறையில் பழகியவர்கள் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள்.