சேதுவுக்குப் போனவங்க எங்க சாப்பிட்டாங்க?

"ராமேஸ்வரம் போறோம் சார், அங்க எங்க சாப்பிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது?" தை அமாவாசை, ஆடி அமாவாசை நெருங்கினா உத்திரமேரூர்ல எனக்கு வர்ற கேள்வி இது. பிரஷர் மாத்திரைக்கு வர்றவங்க, முட்டி வலிக்கு வர்றவங்க, எல்லாரும் கேப்பாங்க. நல்ல கேள்வி, ரொம்பப் பழைய கேள்வியும்கூட. மாசக்கணக்கா நடந்து, படகு ஏறி ஒரு தீவுக்குப் போய்த் திரும்பி வரணும்னா, வழியில யார் சோறு போடுவாங்க? அதுக்கு நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பதில் இருந்தது. அது எப்படி இருந்தது, எங்க போச்சு என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஊர்ப் பெயர்களைக் கவனிங்க. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துலயே சுங்குவார்சத்திரம், பாலுச்செட்டிசத்திரம் இருக்கு. தெற்கே தஞ்சாவூர்க் கடற்கரையில சேதுபாவாசத்திரம். பாம்பன் தாண்டித் தீவுக்குள்ள அக்காள்மடம், தங்கச்சிமடம். தனுஷ்கோடி போற வழியில முகுந்தராயர் சத்திரம். இன்னைக்கு இதெல்லாம் நமக்கு வெறும் பஸ் ஸ்டாப். சுங்குவார்சத்திரம்னு சொன்னா ஃபேக்டரி பஸ்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தப் பெயர்களை வரிசையா வாசிச்சாலே, நடந்து களைச்சவங்க கால் நீட்டி உட்கார்ந்த இடங்களோட பட்டியல் கிடைச்சிடும்.

சோறும் மருந்தும் ஒரே இடத்துல கிடைக்கணும்ங்கிற எண்ணம் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. நம்ம ஊருக்கு வெளியூர்க்காரங்க வந்தா குடவோலைக் கல்வெட்டைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. முதலாம் பராந்தகன் காலம், பொ.ஆ. 919, 921. பாக்க வேண்டியதுதான். ஆனா பைக்கை எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள திருமுக்கூடல் வந்துடும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். அங்கே பெருமாள் கோவில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. படிக்கிற மாணவர்களுக்குச் சாப்பாடு, கூடவே வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை உள்ள ஆதுலர்சாலை. மருத்துவர் ஒருத்தர், அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பாத்துக்கப் பெண்கள், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்கணும்ங்கிற பட்டியல்கூட அதுல இருக்கு. நோயாளிக்கு அரிசி ஒதுக்கீடும் உண்டு. ஒரு டாக்டரா எனக்கு அந்தச் சுவரை விட்டு வர மனசு வராது. பார்மசி ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க!

இதே யோசனை சேது யாத்திரை வழியில பெரிய அளவுல நடந்ததுக்கு எழுத்துச் சாட்சி இருக்கு. தஞ்சாவூர் மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி, 1801இல் கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். 1799 ஒப்பந்தத்துக்கு அப்புறம் தஞ்சை நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. சத்திரங்களையாவது என் பொறுப்புல விடுங்க, அதுக்கான வருமானத்துல கை வைக்காதீங்கன்னு கேக்கிற கடிதம் அது. கேக்கும்போது சத்திரத்துல என்ன நடக்குதுன்னு விவரமா எழுதியிருக்கார்.

அதோட சாரத்தை என் வார்த்தையில சொல்றேன். ராமேஸ்வரம் போற வழியில வர்ற எல்லாருக்கும், எந்தச் சாதியா இருந்தாலும், சந்நியாசி, ஜங்கமர், பைராகி யாரா இருந்தாலும் சோறு. அடுத்தவர் சமைச்சதைச் சாப்பிடாதவங்களுக்கு அரிசி, பருப்பு, மசாலா. பரிமாறுறது நள்ளிரவு வரைக்கும் நடக்கும். நள்ளிரவுல மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்கன்னு கூவுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அடுத்து வருது. ஒவ்வொரு சத்திரத்துலயும் வைத்தியர் உண்டு. சாதாரண நோய்க்கு, வீக்கத்துக்கு, பாம்புக்கடி மாதிரி விஷக்கடிக்கு. வழியில நோயில விழுந்தவருக்கு மருந்தும், அந்த நோய்க்கு ஏத்த பத்தியச் சாப்பாடும், குணமாகிற வரைக்கும். நிறைமாத கர்ப்பிணி வந்தா அங்கேயே பிரசவம், பிறகு மாசக்கணக்குல தங்கிக்கலாம். கைக்குழந்தைக்குப் பால். பெத்தவங்க செத்துப்போய் அனாதையான பிள்ளைங்களை வாத்தியார் பொறுப்புல விட்டு, மூணு வேளை சாப்பாடு, எண்ணெய்க் குளியல், படிப்பு. இறந்தவங்களுக்கு அவங்கவங்க வழக்கப்படி ஈமக்கடன். ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, ஒரு அங்கன்வாடி, ஒரு விடுதி, ஒரு மெஸ் எல்லாம் சேர்ந்த மாதிரி.

இதை முழுசா அப்படியே எடுத்துக்கணுமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். பணம் கேக்கிற மனு அது. தன் சத்திரத்தை யாரும் குறைச்சு எழுத மாட்டாங்க. எல்லா நாளும், எல்லாச் சத்திரத்துலயும் நள்ளிரவு மணி அடிச்சிருக்குமா? சந்தேகம்தான். ஆனா ஒரு சத்திரம்னா இதெல்லாம் இருக்கணும்னு எதிர்பார்ப்பு இருந்திருக்கு பாருங்க, அதுவே பெரிய விஷயம். சரபோஜி மருத்துவத்துல ஆர்வம் உள்ளவர், தன்வந்திரி மகால்னு ஒண்ணு நடத்தினவர், கண் நோயாளிகளோட கேஸ் ஷீட் எழுதி வச்சவர். முக்தாம்பாள் நினைவா ஒரத்தநாட்டுல அவர் கட்டின சத்திரத்தைப் பட்டுக்கோட்டை பக்கம் போறவங்க பாத்திருப்பீங்க.

ரெண்டாவது விஷயம், எல்லாருக்கும் சோறுதான், எல்லாரும் ஒரே பந்தியில இல்ல. அரிசி தனியா கொடுத்த ஏற்பாடே சாதி ஆசாரத்துக்காகத்தான். பசிச்சவனைத் திருப்பி அனுப்பல, ஆனா எங்க உட்காரணும்ங்கிறதை அவன் பிறப்பு முடிவு பண்ணுச்சு. சத்திரத்தைப் பத்திப் பெருமையா எழுதுறவங்க நிறைய பேர் இந்த வரியைத் தாண்டிக் குதிச்சிடுறாங்க.

மூணாவதா, தண்ணி. இங்கதான் என் தொழில் வருது. அந்தக் கடிதம் எழுதி 16 வருஷம் கழிச்சு, 1817இல் வங்காளத்துல ஜெஸ்ஸோர் பக்கம் காலரா கிளம்புச்சு. 1818இல் மதராஸ் மாகாணத்துக்குள்ள வந்துடுச்சு. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் வாந்திபேதி. யாத்திரை வழின்னா என்ன? ஆயிரக்கணக்குல கூட்டம், ஒரே குளம். குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவ, கால் கழுவ எல்லாத்துக்கும் அதே தண்ணி. எவ்வளவு அன்பா சோறு போட்டாலும், அந்தக் குளத்துத் தண்ணியை மொண்டு குடிச்சா முடிஞ்சுது. சத்திரத்து வைத்தியரால ஒண்ணும் பண்ண முடிஞ்சிருக்காது. அவரைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, லண்டன் டாக்டர்களுக்கும் அப்போ தெரியாது. ஜான் ஸ்நோ தெருக்குழாயைக் காட்டினது 1854இல். ராபர்ட் கோக் கல்கத்தா குளத்துத் தண்ணியில அந்தக் கிருமியைக் கண்டது 1884இல்.

அதுக்குள்ள உலக நாடுகள் 1866இல் கான்ஸ்டான்டிநோபிள்ல மாநாடு கூட்டி, இந்திய யாத்திரைக் கூட்டங்களாலதான் காலரா பரவுதுன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. பாதி உண்மை. குளத்தைச் சுத்தம் பண்ணாம, குழாய் போடாம, யாத்ரிகர் மேல மட்டும் பழியைப் போட்டது மீதி. மண்டபம் போனா இன்னைக்கும் 'மண்டபம் கேம்ப்'னு ஒரு இடம் இருக்கு. இலங்கைத் தோட்ட வேலைக்குப் போற தமிழர்களை நிறுத்தி வச்சு, நோய் இருக்கான்னு பாத்து, ஊசி போட்டு அனுப்ப இலங்கை அரசு நடத்தின முகாம். அதே கடல், அதே கரை. புண்ணியத்துக்குக் கடல் தாண்டினவருக்குச் சத்திரம், பிழைப்புக்குக் கடல் தாண்டினவருக்கு முகாம்.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தாங்க. நீளம் 2 கிலோமீட்டர் சொச்சம். அதோட நடைப்பயணம் கிட்டத்தட்ட முடிஞ்சது. மாசக்கணக்கு வழி ஒரு ராத்திரியாச்சு. போட் மெயில் ஏறினா தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். நடக்கிறவரே இல்லாதப்போ பத்து மைலுக்கு ஒரு சத்திரம் எதுக்கு? சிலது பள்ளிக்கூடமாச்சு, சிலது இடிஞ்சுது, பலது பேரா மட்டும் மிஞ்சுது.

சத்திரத்தோட இடத்துக்குக் கிளப்பும் ஹோட்டலும் வந்தது. "சோத்தைக் காசுக்கு விக்கிறதா?"ன்னு பெரியவங்க முகம் சுளிச்ச காலம் அது. ஆனா ஹோட்டல் செஞ்ச ஒரு நல்லதை மறக்கக் கூடாது. ஓட்டல்காரருக்கு வேணும்கிறது உங்க நாலணாதான். பந்தியில யார் பக்கத்துல யாருங்கிற கணக்கு அங்க மெதுவா உடைய ஆரம்பிச்சுது. தானா உடையல, உடைச்சாங்க. தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்கள்ல பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியும் விடாம எதிர்த்து, 1941இல் அது போச்சு. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு ஓட்டலையும் கடையையும் பேர் சொல்லியே குறிப்பிடுது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. இன்னைக்கு ராமேஸ்வரத்துல நீங்க எந்த ஓட்டலுக்குள்ள போய் உட்கார்ந்தாலும் யாரும் என்ன ஆளுன்னு கேக்க முடியாதுன்னா, அது சத்திரம் கொடுத்த வரம் இல்ல. நிறைய பேர் சண்டை போட்டு வாங்கினது.

போனது என்னன்னா, நோயாளிக்கான இடம். ஓட்டல் பசிச்சவனுக்குச் சோறு போடும், காசு இருந்தா. வாந்தி எடுக்கிறவரை அது என்ன பண்ணும்? எனக்குத் தெரிஞ்ச பெரியம்மா ஒருத்தர், எழுபது தாண்டினவர், சேது யாத்திரை போன இடத்துல ராத்திரி வயித்தால போய்ப் படுத்துட்டார். தங்கின லாட்ஜுல விடியக்காலையில ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கூட வந்தவங்க வேன்லயே படுக்க வச்சு, நாக்கு வறண்டு, சிறுநீர் போகாம என்கிட்ட வந்து சேர்ந்தார். பிழைச்சிட்டார். 1801 கடிதத்தை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கோவில்ல அன்னதானம் உண்டு. தமிழ்நாட்டுக் கோவில்கள்ல அந்தத் திட்டம் தொடங்கினது 2002இல். கூச்சப்படாம உட்காருங்க. சூடான சோறு, சாம்பார், அதைவிடப் பாதுகாப்பான சாப்பாடு கிடையாது. ஓட்டல்னா கூட்டம் உள்ள ஓட்டலா பாருங்க. வேகமா காலியாகிற பாத்திரத்துல கிருமி வளர நேரம் இருக்காது. ஆறின சட்னி, வெட்டி வச்ச பழம், ரோட்டோர ஐஸ் வேண்டாம். 22 தீர்த்தத்துலயும் குளிங்க, ஆனா முழுங்காதீங்க. தலையில தெளிச்சாலே போதும்.

மீன் சாப்பிடுறவங்க தீவுக்குப் போய் மீன் சாப்பிடாம வர வேண்டியதில்ல. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கரையில விசைப்படகு போகாது. அப்போ கிடைக்கிறது நாட்டுப்படகு மீன், இல்லன்னா ஐஸ்ல இருந்தது. சூரை, கானாங்கெளுத்தி வெயில்ல கிடந்தா ஹிஸ்டமின் சேரும், எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தலைவலி வந்து, உடம்பு அரிச்சா அதுதான். கடிச்ச உடனே நாக்கு மிளகு மாதிரி சுருக்குன்னா துப்பிடுங்க.

சர்க்கரைக்காரங்க இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. தர்ப்பணம் முடியிற வரைக்கும் வெறும் வயிறுன்னா, காலைல கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுட்டு வரிசையில நிக்காதீங்க. அக்னி தீர்த்தக் கரையில மயங்கி விழுந்தா, விரதக் களைப்புன்னுதான் பக்கத்துல இருக்கிறவங்க நினைப்பாங்க. போறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட அன்னைக்கு மாத்திரையை எப்படி மாத்தணும்னு கேளுங்க. இன்சுலின் போடுறவங்களும்தான்.

பையில அஞ்சாறு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வச்சுக்கோங்க. 1971இல் வங்கதேச அகதிகள் முகாம்ல, பொங்காவ்ன்ற ஊர்ல, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் டிரம்ல கரைச்சு வச்சுக் குடுத்த அதே உப்பு-சர்க்கரைத் தண்ணிதான். அங்க 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்குச்சு. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி, சின்ன பாக்கெட்னா அதுல போட்டிருக்கிற அளவு. டம்ளர்ல கொஞ்சமா பவுடர் போட்டுக் கலக்காதீங்க, அளவு கெட்டுடும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு லாட்ஜுல யாருக்காவது வயித்தால போக ஆரம்பிச்சா, விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே கரைச்சுக் குடுக்க ஆரம்பிங்க. நாக்கு வறண்டு, ஒண்ணுக்கு வராம இருந்தா 108க்குப் போன் பண்ணுங்க.